பென்கோயிட்டிலிருந்து மொட்டை மாடிக்கு

எங்கள் வீட்டில் மாடிப்படி முடியும் இடத்தில், சாரல் அடிக்காத மூலையில், ஒரு ஐஸ்கிரீம் டப்பா ஆணியில் தொங்குகிறது. காற்றுக்காக மூடியில் நாலு ஓட்டை போட்டிருக்கிறேன். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு போர்டு. 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம், சட்டைப்பையில் அடங்கிவிடும். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘மேட் இன் த யுகே’ என்று தெரியும். அதற்குப் பக்கத்தில் பல்லி எச்சம் ஒன்று காய்ந்திருக்கிறது. அது மேட் இன் எங்கள் வீடு.

போர்டின் பெயர் ராஸ்பெரி பை 3, மாடல் பி. பிறந்த ஊர் வேல்ஸ் நாட்டின் தெற்கே இருக்கும் பென்கோயிட். ஒரு காலத்தில் சோனி நிறுவனம் டிவிப் பெட்டிகள் செய்த தொழிற்சாலை அங்கே இருக்கிறது. 2012 பிப்ரவரி 29 அன்று முதல் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தபோது அது சீனாவில் தயாரானது. முதல் சரக்கிலேயே கோளாறு. நெட்வொர்க் கம்பி செருகும் சாக்கெட்டுக்குள் காந்தச் சுருள் இருக்க வேண்டும். சுருள் இல்லாத சாக்கெட்டைப் பற்றவைத்துவிட்டார்கள், அதைப் பிரித்து மாற்ற நாளாயிற்று. அதே ஆண்டிலேயே உற்பத்தி பென்கோயிட் பக்கம் நகரத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதிப் பழக்கமே இல்லை என்று கவலைப்பட்ட எபென் அப்டனும் அவருடைய நண்பர்களும் ஆரம்பித்த வேலை இது. ‘மாடல் பி’ என்ற பெயரே 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணினிக்கு வைத்த வணக்கம். பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் நிறுவனத்தில்தான் 1985இல் முதல் ஆர்ம் சில்லும் பிறந்தது. இந்தப் போர்டின் மூளையும் அந்த வம்சம்.

என்னிடம் இருப்பது 2016 பிப்ரவரி 29 அன்று வெளிவந்த ரகம். அப்போது விலை 35 டாலர், நாலு கோர், 1 ஜிபி நினைவகம், போர்டிலேயே வைஃபை. ஒன்று மட்டும் கிடையாது, கடிகாரம். அஞ்சு ரூபாய்க் கைக்கடிகாரத்துக்குப் போடும் பட்டன் பேட்டரி கூட இதில் இல்லை. கரண்ட் போனால் மணி மறந்துவிடும். இந்தக் குறை பின்னால் ஒரு காலையில் என்னை அரைமணி நேரம் சுற்றவிட்டது.

வாங்கிய புதிதில் இரண்டு வருஷம் டிவிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு படம் காட்டியது. பிறகு மேஜை டிராயரில் ஒரு வருஷம், பழைய சார்ஜர்களோடு. அதற்கப்புறம்தான் மாடியில் உத்தியோகம் கிடைத்தது. எங்கள் மேல்நிலைத் தொட்டி ஆயிரம் லிட்டர். அதுவரை அதற்குக் காவல் அப்பா. வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நோட்டில் எழுதுவார். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், கரண்ட் போன நேரம், வந்த நேரம், எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு வைத்திருப்பார். தொட்டி நிறைந்ததா என்று காதால் கண்டுபிடிப்பார், குழாயில் நீர் விழும் சத்தம் தடித்தால் எழுந்து போவார். முழங்கால் வலி வந்த பிறகு நான் தொட்டி மூடியில் ஒலி அலை சென்சார் ஒன்றைப் பொருத்தினேன். அது நீர்மட்டத்தை அளந்து சொல்லும். நான் பைத்தானில் எழுதிய எழுபது வரி நிரல் அதைப் படித்து, நீர் குறைந்தால் ரிலே வழியாக மோட்டாரைப் போடும், நிறைந்தால் அணைக்கும். அளவுகளை வீட்டுப் போன்களுக்கு எடுத்துச் சொல்ல மொஸ்கிட்டோ என்று இன்னொரு நிரல். கொசு என்று பேர் வைத்த தபால்காரன்.

நிரல் எழுதுவது பாதி வேலைகூட இல்லை. அது நாள் முழுக்க உயிரோடு இருக்க வேண்டும், செத்தால் யாராவது எழுப்ப வேண்டும். அந்த யாராவதுக்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு.

பின்னணியில் ஓசையில்லாமல் ஓடும் நிரலை ‘டீமன்’ என்பார்கள். 1963 வாக்கில் எம்ஐடியில், ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு ஐபிஎம் 7094 கணினியில் வேலை பார்த்தபோது வைத்த பெயர். மேக்ஸ்வெல் தன் இயற்பியல் யோசனையில் கதவருகே உட்கார்த்தி வைத்த குட்டிப் பூதம்தான் அதற்கு மூலம். நம் ஊரில் புதையலைப் பூதம் காப்பதாகச் சொல்வோம், அங்கே அவர்களுடைய முதல் பூதம் கோப்புகளை டேப்பில் நகலெடுத்துக் காத்தது. பூதங்களை மேய்க்கும் ஆள் யூனிக்ஸில் வந்தான். 1971இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே ‘இனிட்’ இருக்கிறது. எந்த இயந்திரம் விழித்தாலும் முதலில் எழுந்து ஒன்றாம் நம்பர் வாங்கிக்கொள்வது அது. யாராவது வேலையை முடித்துவிட்டு டெர்மினலை விட்டுப் போனால், அடுத்தவருக்காக அங்கே லாகின் கேட்கும் நிரலை மறுபடி எழுப்பி உட்கார வைக்கும். பெற்றோர் செத்துப்போன நிரல்களைத் தத்தெடுப்பதும் அதன் வேலை. பின்னாளில் ஒரு நிரல் எழுப்ப எழுப்பச் செத்துக்கொண்டே இருந்தால் ஐந்து நிமிஷத்துக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விடும் வழக்கமும் சேர்ந்தது. நல்ல புத்தி. பிடிவாதம் பிடிக்கும் குழந்தையை நம் பாட்டிகளும் அப்படித்தான் விட்டார்கள்.

2010இல் லென்னார்ட் பொய்ட்டெரிங், கே சீவர்ஸ் இருவரும் சிஸ்டம்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இனிட்டின் நாற்காலியில் அது உட்கார்ந்தது. லினக்ஸ் உலகம் இரண்டுபட்டது. டெபியன்காரர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள், ஒரு கூட்டம் பிரிந்துபோய் டெவுவான் என்று தனிக்குடித்தனம் வைத்தது. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய கட்சி கிடையாது. 2015இல் டெபியன் 8 வந்ததும் ராஸ்பெரி பையும் அந்தப் பக்கம் போயிற்று, நானும் கூடவே போனேன். ஆனால் தொட்டி வேலை வந்தபோதும் சிஸ்டம்டியின் கோப்புகளை எழுதப் பழகச் சோம்பல். கிறிஸ் மெக்டொனோ தொடங்கிய ‘சூப்பர்வைசர்’ என்ற பைத்தான் கருவி ஏற்கெனவே தெரியும் என்பதால் அதைப் போட்டேன். ஆக ஒரு சூப்பர்வைசரை எழுப்ப இன்னொரு சூப்பர்வைசர். இந்த இரட்டை நிர்வாகம் பற்றி அப்போது யாராவது கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசரைப் பார்த்திருப்பீர்கள். ஆள் எண்ணுவார், பேர் எழுதுவார், வராதவனுக்கு மாற்று ஆள் கூப்பிடுவார். செங்கல் அடுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த மென்பொருளும் அதே ஜாதி. தான் பெற்ற பிள்ளை கண்முன்னால் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். எழுப்பி ஒரு நொடி தாண்டி நின்றால் ‘ஓடுகிறது’ என்று எழுதிக்கொள்ளும். அதற்குள் விழுந்தால் மூன்று முறை மறுபடி எழுப்பிப் பார்த்துவிட்டு ‘ஃபேட்டல்’ என்று கையை விரிக்கும்.

முதல் நாளே அது என் மொஸ்கிட்டோவுக்கு ஃபேட்டல் எழுதியது. ஆனால் போனில் தொட்டி அளவு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. செத்தவன் தபால் கொடுக்கிறான்! பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து, மொஸ்கிட்டோவை எழுப்பும் கட்டளையோடு ‘பின்னணிக்குப் போ’ என்ற ஒற்றை எழுத்தையும் சேர்த்திருந்தேன். அந்த எழுத்தைப் பார்த்ததும் மொஸ்கிட்டோ தன்னைப் போல ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தான் விலகிக்கொள்கிறது. பிள்ளையை ஒன்றாம் நம்பர் தத்தெடுத்துக்கொள்கிறது. வாசலில் இருக்கும் சூப்பர்வைசருக்குத் தெரிந்ததெல்லாம் தான் கூட்டிவந்த ஆள் ஒரு நொடிக்குள் காணாமல் போனது மட்டும்தான். மறுபடி மூன்று பேரை அனுப்பினார். அவர்களுடைய பிள்ளைகள் 1883ஆம் போர்ட்டில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மடிந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்து மாடியில் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனாருக்கு ஆப்சென்ட் விழுவது மாதிரிதான். அந்த ஒற்றை எழுத்தை அழித்தேன், எல்லாரும் முன்கதவு வழியாக வந்தார்கள்.

பிறகு இரண்டு வருஷம் அமைதி. இடையில் மெமரி கார்டு ஒன்று செத்தது. விசித்திரமான சாவு அது. எழுதுவதையெல்லாம் வாங்கிக்கொண்ட மாதிரி காட்டும், அணைத்து எழுப்பினால் பழையபடி நிற்கும். புதுக் கார்டு போட்டதும் அதன் ஆயுளைக் கூட்ட ஆசை வந்தது. ஓயாமல் எழுதப்படுவது லாக் கோப்புகள்தான். அவை இருக்கும் கோப்புறையைக் கார்டில் வைக்காமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ள ஒரு வரி போதும். அந்த வரியை எழுதினேன். ரீபூட் செய்யாமல், அங்கேயே அந்த இடத்திலேயே அதை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கீழே இறங்கிச் சாப்பிடப் போனேன்.

நான் என்ன செய்தேன் என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். கார்டில் இருந்த கோப்புறை அழியவில்லை. சோற்றுச் சட்டியின் மேல் காலித் தட்டைக் கவிழ்த்த மாதிரி, அதை ஒரு வெற்று நினைவகம் மூடிக்கொண்டது. சூப்பர்வைசர் அதற்கு முன்பே சட்டிக்குள் கைவிட்டுத் தன் லாக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தட்டுக்கு அடியிலேயே எழுதிக்கொண்டிருந்தது. அதாவது நான் எந்த எழுத்தை மிச்சம் பிடிக்க நினைத்தேனோ அது கார்டில்தான் விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் ஓடியது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் கரண்ட் போனாலும் போர்டுக்குத் தெரியாது. ஏழு மாதம் அது அணையவே இல்லை.

அந்த இன்வெர்ட்டர் பேட்டரி உப்பிப்போய்க் கைவிட்டது ஒரு சித்திரை இரவில். காலையில் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். “டேய், குழாய்ல காத்துதான்டா வருது. உன் டப்பா தூங்குதா பாரு.”

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். போர்டு விழித்திருந்தது, உள்ளே போக முடிந்தது. சூப்பர்வைசரிடம் நிலைமை கேட்டால், அதோடு பேசும் சாக்கெட் கோப்பே இல்லை என்று பதில். அனுமதிகளை மாற்றினேன், கோப்பு இருக்க வேண்டிய இடத்தைத் துழாவினேன். பயனில்லை. அந்தக் கோப்பு சூப்பர்வைசரின் வாசல் மணி. அவரே வந்ததும் மாட்டிக்கொள்வது. வீட்டில் ஆள் இல்லாதபோது மணியைக் காணோமென்று வாசலைத் தோண்டிக்கொண்டிருந்தேன். மின்சாரம் போதவில்லையோ என்று போர்டையே கேட்டேன். 50005 என்று ஒரு எண்ணைக் கொடுத்தது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இப்போதும் இறங்கியிருக்கிறேன், முன்பும் இறங்கியிருந்தேன், அதனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன் என்று அர்த்தம். போர்டின் சிவப்பு விளக்கும் அணைந்துதான் கிடந்தது. ஆகா, அகப்பட்டுவிட்டது என்று சார்ஜரையும் கம்பியையும் மாற்றினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர் வரவில்லை. நிஜமான குறை, ஆனால் வேறொரு குறை.

கடைசியில், பொறுமை போனவர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தேன். சூப்பர்வைசரை மறுபடி நிறுவினேன். உடனே எழுந்து உட்கார்ந்தது! ரிலே ‘டக்’ என்றது, கீழே மோட்டார் உறுமியது.

“என்ன ஆச்சாம்?” என்றார் அப்பா.

“சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுப்பா. புதுசா போட்டுட்டேன்.”

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். புதுப் பேட்டரி வர இரண்டு நாள் ஆகும் என்றிருந்தார்கள். அன்று இரவும் கரண்ட் போயிற்று. காலையில் மறுபடி காற்று.

“நேத்து போட்ட புதுசு இன்னைக்கே கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். குரலில் கிண்டல் துளியும் இல்லை, கணக்கு இடிக்கிறது என்கிற கேஷியரின் குரல்தான். பதில் சொல்ல முடியாமல் படியேறினேன். மறுநிறுவலுக்குப் பின் நான் என்ன சரியாயிற்று என்று பார்க்கவில்லை, ஓடுகிறது என்று பார்த்ததோடு சரி. என் சூப்பர்வைசர் செய்யும் அதே காரியம்.

இந்த முறை எதையும் தொடாமல் சிஸ்டம்டியின் குறிப்பேட்டைத் திறந்தேன். முதல் திகைப்பு நேரத்தில். சூப்பர்வைசர் முதலில் செத்தது 3 மணி 17 நிமிஷத்துக்கு. அப்பா நோட்டிலோ ‘3.40 கரண்ட் போச்சு’ என்று இருந்தது. கரண்ட் போவதற்கு முன்பே செத்துவிட்டதா? அப்படியானால் கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? அரைமணி நேரம் அந்தத் திசையில் ஓடினேன். காலை 9 மணிக்குத் தலையில் விளக்கு எரிந்தது. போர்டில்தான் கடிகாரம் இல்லையே. மணிக்கொரு தரம் அப்போதைய நேரத்தைக் கார்டில் குறித்து வைக்கும் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. டெபியனில் மணிக்கொரு முறை நடக்கும் வேலைகள் 17ஆம் நிமிஷத்தில் நடப்பது வழக்கம். விடியற்காலை 5.50க்குக் கரண்ட் வந்து போர்டு கண் விழித்தபோது அதற்குத் தெரிந்த கடைசி நேரம் 3.17. மோடம் எழுந்து, இணையம் வந்து, சரியான மணி தெரியும்வரை அது 3.17இலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தது. குறிப்பேட்டில் 3.19க்கு அடுத்த வரி 5.52. அப்பா நோட்டு சரி, இயந்திரத்தின் நோட்டுதான் கனவில் எழுதியது.

நேரம் தெளிந்ததும் தாளம் தெரிந்தது. ஐம்பது நொடிக்கு ஒரு முறை சிஸ்டம்டி சூப்பர்வைசரை எழுப்புகிறது, அது எழுந்த உடனே விழுகிறது. மறுபடி ஐம்பது நொடி. விழுந்தால் அத்தனை நொடி பொறுத்து எழுப்பு என்று டெபியன் அதற்கு எழுதி வைத்த விதி. விடிந்ததிலிருந்து இருநூறு தடவைக்கு மேல் செத்திருந்தது. ஒவ்வொரு சாவிலும் ஒரே வாக்குமூலம்: லாக் கோப்பின் பாதையில் சொன்ன கோப்புறை இல்லை.

இல்லாமல் எங்கே போகும்? பட்டியலிட்டுப் பார்த்தேன். லாக் கோப்புறைக்குள் சூப்பர்வைசர் என்ற உள்கோப்புறையைக் காணோம். அப்போதுதான் ஏழு மாதத்துக்கு முன் சாப்பாட்டு நேரத்தில் எழுதிய வரி ஞாபகம் வந்தது. கார்டின் மேல் கவிழ்த்த நினைவகத் தட்டு, ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் கழுவிக் கவிழ்க்கப்படுகிறது. லாக் எழுத இடமில்லாமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்கிறார் சூப்பர்வைசர், பதிவேடு இல்லாமல் ஆள் எண்ணாத மனுஷர். முந்தைய நாள் மறுநிறுவல் ஏன் பலித்தது? அந்தத் தொகுப்பு தன் சாமான்களோடு அந்தக் காலிக் கோப்புறையையும் கொண்டுவருகிறது. மருந்தில் வேலை செய்தது டப்பாதான், மாத்திரை இல்லை.

வைத்தியம் ஒரு வரி. ஒவ்வொரு முறை எழும்போதும் இன்னின்ன கோப்புறையை இன்னாருடைய பெயரில் உண்டாக்கு என்று சிஸ்டம்டியிடம் எழுதிக் கொடுக்கலாம். எழுதினேன். பிறகு, ஏழு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். செருகினேன். எண்ணினேன். நாற்பதாவது நொடி வாக்கில் ரிலே ‘டக்’. மறுபடி பிடுங்கினேன். மூன்றாவது முறை அம்மா கீழிருந்து, “மோட்டார என்னடா பாடு படுத்துற” என்று சத்தம் போட்டதும் நிறுத்தினேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே சூப்பர்வைசருக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். அதன் மேல் குற்றமில்லை, ஏன் வேலை செய்யவில்லை என்று ஐம்பது நொடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒரு டப்பாவுக்கு இரண்டு மேஸ்திரி அதிகம், அவ்வளவுதான். இரண்டு நிரல்களையும் சிஸ்டம்டியின் கையில் நேராக ஒப்படைத்தேன். ஆளுக்கு எட்டு வரி. சிஸ்டம்டியே மயங்கி விழுந்தால்? போர்டின் சில்லுக்குள் வாட்ச்டாக் என்று ஒரு வன்பொருள் டைமர் இருக்கிறது. பத்து நொடிக்குள் ‘நான் இருக்கிறேன்’ என்று தட்டாவிட்டால் அது போர்டையே அணைத்து எழுப்பும். அதையும் முடுக்கிவிட்டேன்.

பேட்டரி வந்து இன்வெர்ட்டர் உயிர்பெற்ற பிறகும் மாதத்தில் ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கிச் செருகுவேன். அப்பா நோட்டில் அதற்கென்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார், தலைப்பு ‘டப்பா’. எழுந்த நொடிகளை நான் கீழே நோக்கிக் கத்த வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். போன முறை 41. எழுதி முடித்து நோட்டை மூடியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே வந்தார், தொட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார், சத்தம் தடித்த இடத்தில் கையை வைத்து எனக்குக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். போனைப் பார்த்தேன். சென்சார் சொன்ன மட்டமும் அதேதான்.